வேய்ன் கவுண்டி நாட்குறிப்பு: யூதச் சிறுவர் கோடை முகாமில் ஒரு செவிலி

ஞாயிறு இரவு

எங்கள் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் உடன் வேலை பார்க்கும் மருத்துவர் ஒருவர் ஆண்டுதோறும் ஜூலையில் ஒரு வாரம் காணாமல் போய்விடுவார். திரும்பி வரும்போது கழுத்து வெயிலில் கறுத்திருக்கும், குரல் கம்மியிருக்கும், முகத்தில் மட்டும் பத்து வயது குறைந்திருக்கும். சிறுவயதில் தங்கிய கோடை முகாமுக்கே இப்போது மருத்துவராகப் போய்வருகிறார். இந்த ஆண்டு அங்கே ஒரு வாரத்துக்குச் செவிலியர் கிடைக்கவில்லை, வருகிறீர்களா என்று கேட்டார். யூதப் பிள்ளைகளின் முகாமில் எனக்கென்ன வேலை என்றேன். "மூக்கில் ரத்தம் வந்தால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வைத்தியம்தானே" என்றார். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பிலடெல்பியா புறநகரிலிருந்து 476ஆம் எண் சாலையில் வடக்கே ஏறினால் லீஹை சுரங்கப்பாதை வரை பார்க்க ஒன்றும் இல்லை. சுரங்கத்தைக் கடந்ததும் காற்று மாறுகிறது. ஸ்கிராண்டன், கார்பண்டேல் என்று நிலக்கரிக் காலம் முடிந்துபோன ஊர்கள் வழியாக ஹோன்ஸ்டேல் போய்ச் சேர்ந்தேன். அமெரிக்காவில் வணிக ரயில்பாதை ஒன்றில் நீராவி எஞ்சின் முதன்முதலாக ஓடிய ஊர் இது. 1829 ஆகஸ்ட் 8 அன்று இங்கிலாந்திலிருந்து வரவழைத்த எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். தண்டவாளம் அதன் எடையைத் தாங்காது என்று தெரிந்ததும் ஓரங்கட்டிவிட்டார்கள். பெருமை மட்டும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே காப்பி குடித்துவிட்டு, ஏரிகளுக்கு நடுவே வளைந்து போகும் சிறிய சாலையில் திரும்பினேன். மரத்தில் அடித்த பலகைகளாகவே வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு முகாமின் பெயர்.

எங்கள் முகாமின் வாசலில் காவலர் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, காரின் பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, பிறகுதான் உள்ளே விட்டார். காட்டுக்குள் இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றியது. 2018 அக்டோபர் 27 அன்று இதே பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்கில், யூதத் தொழுகைக்கூடத்துக்குள் புகுந்த ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றது நினைவுக்கு வந்ததும் அந்தக் கேள்வி அடங்கிவிட்டது.

இன்று இரண்டாம் பருவத்தின் முதல் நாள். பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். முதல் வேலை பேன் பார்ப்பது. மரநிழலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தலையாகக் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் வகிடு பிரித்துப் பார்த்தோம். சுருட்டை முடியில் ஈறு தேடுவது தனி வித்தை. இரண்டு மணி நேரத்தில் என் முதுகு விட்டுப்போனது. பேன் இருக்கும் பிள்ளையைப் பிறர் அறியாமல் பின்கட்டுக்கு அழைத்துப்போய், சீவி, கழுவி, ஒன்றும் நடக்காததுபோல் குடிலுக்கு அனுப்பிவிட வேண்டும். அந்தப் பிள்ளையின் மானம் நான்கு வாரத்துக்கு எங்கள் கையில்.

அடுத்தது மருந்து. மாத்திரைகளை வேளைவாரியாகச் சிறு உறைகளில் அடைத்து, பெயர் அச்சிட்டு, மருந்துக்கடையே முன்கூட்டி அனுப்பிவிடுகிறது. தம்ளரில் தண்ணீரோடு நின்று, விழுங்கியதைப் பார்த்து, கையெழுத்திடுவதுதான் என் பொறுப்பு. கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் மருத்துவக் குடிலின் பின்னறையில் இணைய இணைப்பு உண்டு. அதனால்தான் இந்தக் குறிப்பு.

திங்கள்

யூத முகாம் என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது என்பது காலையிலேயே விளங்கியது. ஆணும் பெண்ணும் தனித்தனி முகாம்களில் இருக்கும் வைதீகப் பிரிவினர் உண்டு. கிட்டாரோடு வழிபடும் சீர்திருத்தப் பிரிவினர் உண்டு. கடவுள் பேச்சே இல்லாமல், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில் பாட்டும் தொழிற்சங்கக் கொள்கையுமாக 1923இல் தொடங்கி இன்றும் நடக்கிற முகாமும் உண்டு. நான் வந்திருப்பது நடுவாந்தரம்: கன்சர்வேடிவ் பிரிவு. பையன்களும் பெண்களும் சேர்ந்தே இருக்கிறார்கள், பெண்களும் வேதநூலான தோராவை வாசிக்கிறார்கள். ஆனால் உணவு விதியிலும் சனிக்கிழமை விதியிலும் இம்மியும் விட்டுக்கொடுப்பதில்லை.

சமையலறையைப் பார்க்க ஆசைப்பட்டுக் கேட்டேன். உள்ளே இருப்பது ஒரு சமையலறை அல்ல, இரண்டு. பாலுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று. அடுப்பு, பாத்திரம், கரண்டி, கழுவும் தொட்டி எல்லாமே இரட்டை. பாலுக்கு நீலச் சீட்டு, இறைச்சிக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறது. கரண்டி எல்லை தாண்டினால் கதை முடிந்தது. இதற்கென்றே மஷ்கியாக் என்ற மேற்பார்வையாளர் ஒருவர். அவர் கீரைக்கட்டை ஒவ்வோர் இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். முட்டையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைத்து, ரத்தப் புள்ளி இருந்தால் கொட்டிவிடுகிறார். சமையல் செய்பவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டு இளைஞர்கள், யூதர்கள் அல்லர். ஆனால் காலையில் அடுப்பைப் பற்றவைப்பது அந்த மேற்பார்வையாளரின் கை. "நான் ஒரு தீக்குச்சிக்குச் சம்பளம் வாங்குகிறேன்" என்று சிரித்தார். வேர்க்கடலை வெண்ணெய் முகாமுக்குள் வரவே கூடாது. அது மட்டும் மதவிதி அல்ல, எங்கள் மருத்துவக் குடிலின் விதி.

உணவுக்கூடத்தில் சாப்பிட்டு முடித்தபின் ஒரு நன்றித் துதி உண்டு. துதி என்றால் கண்ணை மூடி முணுமுணுப்பது என்று நினைத்துத் தட்டை எடுக்கப் போனேன். நானூறு பிள்ளைகள் மேசையைக் குத்தத் தொடங்கினார்கள். எந்த வரியில் இரண்டு தட்டு, எங்கே உள்ளங்கை, எங்கே முட்டி, எங்கே எழுந்து கத்த வேண்டும் என்று எல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லை, மூத்த குடிலைப் பார்த்து இளைய குடில் கற்றுக்கொள்கிறது. தண்ணீர்க் குடுவை குதித்தது. நேற்று வந்த எட்டு வயதுப் பையன் பொருள் தெரியாமல் எல்லாத் தட்டையும் சரியாகத் தட்டிக்கொண்டிருந்தான். நீண்ட ஹீப்ருப் பாடத்தை அவன் இன்னும் இரண்டு வாரத்தில் மனப்பாடமாகச் சொல்வான். ஞாயிறு வகுப்பில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு வருடத்திலும் வராது. புறநகரில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுத்திருப்பவள் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை.

பிற்பகல் ஏரி. இங்கே ஒரு வேடிக்கை. ஹீப்ரு நாள்காட்டியின் ஆவ் மாதத்து முதல் ஒன்பது நாட்கள் துக்க நாட்கள். எருசலேம் ஆலயம் இடிந்ததை நினைத்து, இறைச்சியும் மதுவும் இல்லை, கல்யாணம் இல்லை, உல்லாச நீச்சலும் இல்லை. ஆடியில் நல்ல காரியம் வைக்காத குடும்பத்தில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தேதியும் கிட்டத்தட்ட அதே. ஆனால் ஜூலை வெயிலில் ஏரியை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் குளிக்காதே என்று சொல்ல முடியுமா? நீச்சல் கற்பது கல்வி, கல்விக்குத் தடை இல்லை. ஆகவே இந்த ஒன்பது நாளும் யாரும் நீந்துவதில்லை, எல்லோரும் நீச்சல் பயில்கிறார்கள். மீன்போல நீந்தும் பதினைந்து வயதுப் பையன்கள் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு மிக அடக்கமாகக் காலை உதைத்துப் பயின்றார்கள்.

ஏரிக்கரையில் நான் வியந்த இன்னொன்று ஜோடிப் பலகை. தண்ணீரில் இறங்குமுன் ஒவ்வொருவரும் இன்னொருவரோடு ஜோடி சேர வேண்டும். இருவருக்கும் ஒரே எண். பெரிய பலகையில் அந்த எண் பொறித்த வில்லையை மாட்டிவிட்டுத்தான் இறங்க முடியும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீண்ட விசில். அந்தக் கணமே ஏரி உறைந்துவிட வேண்டும். ஜோடிகள் கைகோத்து உயர்த்தி, வரிசையாகத் தங்கள் எண்ணைக் கூவுகிறார்கள். ஒரு முறை 31க்குப் பதில் வரவில்லை. கரையில் இருந்த இளைஞர்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி தண்ணீருக்குள் சங்கிலியாக இறங்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த நொடி கரையில் துண்டுக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப்பார்த்தது. வில்லையைத் திருப்பாமல் வெளியே வந்துவிட்டாள். மேற்பார்வை செய்த பெண் அவளைத் திட்டவில்லை. பலகைக்கு அழைத்துப் போய், வில்லையை அவள் கையாலேயே திருப்பவைத்து, "இப்போது நீ உயிரோடு இருக்கிறாய்" என்றாள்.

செவ்வாய்

நாள் முழுவதும் மழை. முழங்காலின் பின்புறம் உண்ணி கடித்து வந்த பிள்ளைகள், நச்சுக் கொடி பட்டுத் தடித்த கைகள், காதில் ஏரி புகுந்தவர்கள். எள்ளளவு மான் உண்ணியைத் தலையோடு பிடுங்க மெல்லிய இடுக்கியும் பொறுமையும் வேண்டும். அதைப் பசைநாடாவில் ஒட்டித் தேதி எழுதி வைக்கிறோம், லைம் காய்ச்சல் வந்தால் கணக்குக்கு உதவும்.

மதிய ஓய்வு நேரத்தில் வயிற்றுவலிக்காரர்கள் வருவார்கள் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு பையன் வந்து கட்டிலில் சுருண்டுகொண்டான். எங்கே வலிக்கிறது என்றால் தொப்புளைச் சுற்றி விரலால் பெரிய வட்டம் போட்டான். வட்டம் பெரிதாக இருந்தால் வீட்டு ஞாபகம். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அம்மாவுக்கு எழுதிய கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தான். இங்கிருந்து உடனே கூட்டிப்போக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தே வந்துவிடுவேன் என்ற பொருள்பட எழுதியிருந்தான். கடிதங்களைத் தடுப்பதில்லை, அஞ்சலில் போய்விடும். அது வீடு சேரும்போது இவன் எல்லாவற்றையும் மறந்து ஆற்றில் படகு விட்டுக்கொண்டிருப்பான், வீட்டில் அம்மா அழுதுகொண்டிருப்பார். அதற்காகவே முகாம் அலுவலகத்தில் ஒருவர் நாள் முழுதும் தொலைபேசியில் உட்கார்ந்திருக்கிறார்.

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் சுவர் முழுக்கப் பழைய புகைப்படங்கள். மருத்துவர் கதை சொன்னார். நியூயார்க்கின் கிழக்குப் பகுதிச் சந்துகளில் வெளிச்சமும் காற்றும் இல்லாத அடுக்குக் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகளை வெளியே கொண்டுபோகத்தான் முதலில் முகாம் தொடங்கினார்கள். ஹட்சன் ஆற்றோரம் கோல்ட் ஸ்பிரிங் ஊரில் 1902இல் தொடங்கிய சர்ப்ரைஸ் லேக் முகாம் இன்றும் நடக்கிறது. யூதர்களைச் சேர்ப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொன்ன முகாம்களும் விடுதிகளும் இருந்த காலம் அது. கோடையில் போலியோ பரவிய ஆண்டுகளில் நகரத்தில் பிள்ளையை வைத்திருக்கவே பயந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நோக்கம் மாறியது. ஐரோப்பாவில் யூதப் படிப்பின் பெரிய மையங்கள் அழிந்துவிட்டன, அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தர ஆள் எங்கே என்ற கவலை வந்தது. 1947இல் விஸ்கான்சின் மாநிலத்துக் கானோவரில் கன்சர்வேடிவ் பிரிவின் முதல் ரமா முகாம், 1950இல் இந்த மாவட்டத்திலேயே லேக் கோமோவில் இன்னொன்று, 1952இல் சீர்திருத்தப் பிரிவினருக்கு ஓகோனோமோவாக்கில் ஒன்று என்று வரிசையாகத் தொடங்கினார்கள். 1970இல் ரமா முகாம்களில் ஒன்று மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குத் தனித் திட்டம் தொடங்கியது. அந்தக் காலத்தில் அது சாதாரணத் துணிச்சல் அல்ல.

சேரிப் பிள்ளைகளுக்குத் தொடங்கிய ஏற்பாடு இன்று யாருக்கு என்று கேட்டேன். அவர் தயங்கவில்லை. வாரத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம் வாங்கும் முகாம்களே அதிகம். முதல்முறை வரும் பிள்ளைக்கு ஆயிரம் டாலர் வரை தள்ளுபடி தரும் திட்டம் ஒன்று இருக்கிறது, முகாம்களின் சொந்த உதவித்தொகையும் உண்டு. இருந்தாலும் இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பம் கணக்குப் போட்டால் தலை சுற்றும். இது எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் பிடிக்கவில்லை.

புதன், இரவு வெகுநேரம் கழித்து

இன்று மாலை ஏழரைக்குள் சாப்பாடு முடிந்தது. நூடுல்ஸ், முட்டை, ரொட்டி, அவரவர் கையில் பெரிய தண்ணீர்ப் போத்தல். கதிரவன் மறையும்போது திஷா பஆவ் தொடங்குகிறது, ஆவ் மாதம் ஒன்பதாம் நாள். பாபிலோனியர் கி.மு. 586இலும் ரோமானியர் கி.பி. 70இலும் ஆலயத்தை இடித்ததற்கான துக்கம். ஸ்பெயினிலிருந்து 1492இல் யூதர்களை வெளியேற்றியதையும் இதோடு சேர்த்து நினைக்கிறார்கள். பெரியவர்களுக்கு அடுத்த நாள் இருட்டும் வரை, ஏறத்தாழ 25 மணி நேரம், சோறும் இல்லை தண்ணீரும் இல்லை.

இது பள்ளி நடக்கும் மாதங்களில் வராத நாள். அதனால் அமெரிக்க யூதப் பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒரு நாள் இருப்பதே முகாமுக்கு வந்தால்தான் தெரியும். வீட்டில் கேட்டால் அப்பா, அம்மாவுக்கும் அவர்கள் போன முகாமில்தான் தெரிந்திருக்கும்.

விளையாட்டுக் கூடத்தில் பெஞ்சுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். எல்லோரும் தரையில். தோல் செருப்பு கூடாது என்பதால் எல்லாக் காலிலும் துணிச் செருப்பு. உள்ளே வரும்போது ஒருவரை ஒருவர் வாழ்த்துவதில்லை, தலையைக்கூட அசைப்பதில்லை. மூன்று நாளாக என்னைக் கண்டால் ஓடிவந்து கையில் அடிக்கும் பிள்ளைகள் பார்க்காததுபோல் போனது என்னவோ செய்தது. மின்விளக்கை அணைத்துவிட்டு, வட்டமாக உட்கார்ந்தவர்களின் கையில் சிறு டார்ச் விளக்குகள் மட்டும். ஆலயம் அழிந்ததைப் பாடும், ஹீப்ரு வேதத்தின் புலம்பல் புத்தகத்தின் ஐந்து அதிகாரங்களையும் வாசித்தார்கள். ஒவ்வோர் அதிகாரத்துக்கும் ஒருவர். வாசிப்பு என்றால் வெறும் வாசிப்பு அல்ல, இந்த நாளுக்கென்றே உரிய இறங்கும் ராகம். வரியின் கடைசியில் குரல் எழ நினைத்து எழாமல் நின்றுவிடும். எனக்கு ஹீப்ரு ஓர் எழுத்தும் தெரியாது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி மூன்றாம் அதிகாரத்தை எடுத்தாள். மற்றவற்றைவிட அது நீளமானது, 66 வசனம். நடுவில் அவள் குரல் உடைந்தது, துக்கத்தால் அல்ல, பகலெல்லாம் கத்தியதால். யாரும் சிரிக்கவில்லை. அவள் எச்சில் விழுங்கித் தொடர்ந்தாள்.

கடைசி வசனம் கசப்பானது என்பதால் அதோடு முடிப்பதில்லை. அதற்கு முந்திய வசனத்தை எல்லோரும் உரக்கச் சொல்லி முடித்தார்கள். பிறகு பேசாமல் குடிலுக்குப் போனார்கள். இதுவரை இங்கே நானூறு பேர் பேசாமல் எங்கும் போய் நான் பார்த்ததில்லை.

வியாழன்

நேற்று உருகியதெல்லாம் இன்று காலை ஏழு மணியோடு சரி. இன்று என் தொழில் பேசுகிறது: ஜூலை மாதம், காடு, தண்ணீர் குடிக்காத நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பெண்ணுக்கு 12, பையனுக்கு 13 நிறைந்த பிறகுதான் விரதக் கடமை. சின்னக் குடில்களுக்கு வழக்கம்போல் காலை உணவு, ஆனால் பாட்டும் மேசைக் குத்தும் இல்லை. நீரிழிவு, ஆஸ்துமா, வலிப்பு மருந்து, உணவோடு மட்டுமே எடுக்கக்கூடிய மாத்திரை என்று என் பட்டியலில் இருப்பவர்களை முகாமின் மதகுருவான ரப்பி நேற்றே அழைத்து, சாப்பிடுவதுதான் உங்களுக்குக் கட்டளை என்று சொல்லியிருந்தார்.

சிக்கல் வந்தது பட்டியலில் இல்லாதவளிடமிருந்து. 12 வயது முடிந்து சில வாரமே ஆன பெண், ஒல்லிக் குச்சி. பதினொரு மணிக்குப் படியேறும்போது கண் இருட்டியது என்று தோழிகள் இழுத்துவந்தார்கள். படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்தேன், குறைவு. உப்பு சர்க்கரை நீரை நீட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டாள்.

"இது எனக்கு முதல் விரதம். இதைக் கெடுக்க மாட்டேன்."

நான் வாதாடவில்லை, ரப்பியை வரச் சொன்னேன். அவரும் உண்ணாமல் வெளிறித்தான் இருந்தார். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "யார் இந்த அம்மா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"நர்ஸ்."

"இவர் குடி என்றால் குடிப்பது விதி. குடிக்காமல் இருப்பது விதி மீறல். உன் விரதத்தைக் கெடுப்பது இவரல்ல, நீதான்."

அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு முழுத் தம்ளரையும் குடித்தாள். குடித்துவிட்டு, இதை விரதம் இருந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ரப்பி யோசித்து, பதினொரு மணிவரை இருந்த கணக்கு யாராலும் அழியாது என்றார்.

மற்றபடி இன்று வந்த தலைவலிகளில் முக்கால்வாசி பசியால் அல்ல, காப்பி இல்லாததால். பொறுப்பாளர்களாக இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாக வந்து இருட்டறையில் படுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் இஸ்ரேலிலிருந்து வந்தவன். ராணுவச் சேவை முடிந்த இளைஞர்களை அங்கிருந்து ஒவ்வொரு கோடையும் இத்தகைய முகாம்களுக்கு அனுப்புகிறார்கள். டெல் அவிவில் தன் வீட்டில் இந்த நாளில் யாரும் விரதம் இருந்ததில்லை, முதல்முறையாகப் பென்சில்வேனியாவுக்கு வந்து பட்டினி கிடக்கிறேன் என்றான். பிள்ளைகள் பார்க்கிறார்களே, நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்றும் சொன்னான்.

ஒன்பது மணிக்குமேல் விரதம் முடிந்து, வட்டரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் வந்தன. மேசைகள் மறுபடி அதிர்ந்தன.

சனி, இருட்டிய பிறகு

வெள்ளி மாலையிலிருந்து எழுதவில்லை. எழுதக்கூடாது என்ற விதி எனக்கு இல்லை. ஆனால் யாரும் பேனா தொடாத இடத்தில் கணினியைத் திறக்க மனம் வரவில்லை.

வெள்ளி மதியம் ஓர் ஊழியர் எல்லையோரமாக நடந்துகொண்டிருந்தார், தலையை அண்ணாந்தபடி. என்ன பார்க்கிறார் என்று கேட்டேன். கம்பத்துக்குக் கம்பம் ஒரு கம்பி ஓடுகிறது, முகாமைச் சுற்றி முழுமையாக. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான ஓய்வுநாள் சபாத். அந்த நாளில் வீட்டுக்கு வெளியே பொருளைச் சுமக்கக்கூடாது. இந்தக் கம்பி சுற்றிய இடமெல்லாம் ஒரே வீடு என்று கணக்கு. அதன் பெயர் ஏருவ். மரக்கிளை விழுந்து எங்காவது அறுந்திருந்தால் கணக்கும் அறும். நான் உடனே என் கவலையைக் கேட்டேன்: அறுந்தால் ஆஸ்துமாப் பிள்ளைகளின் மருந்துக் குழல்? அவர் சிரித்துவிட்டார். உயிர்க் காரியத்துக்குக் கம்பியே வேண்டாம். உயிரைக் காக்கச் சபாத்தை மீறலாம் என்பதல்ல, மீறியே ஆக வேண்டும்.

நான்கு மணிக்கு முகாமே குளித்தது, வெந்நீர் தீர்ந்தது. மருத்துவக் குடிலில் மின்விளக்குப் பொத்தான்கள் மேல் ஒட்டுநாடா ஒட்டினார்கள், பழக்கதோஷத்தில் யாரும் அணைத்துவிடக்கூடாது என்று. கழிவறையில் காகிதத்தை முன்கூட்டியே கிழித்து அடுக்கி வைத்திருந்தார்கள். கிழிப்பதும் வேலைதானாம். இவ்வளவு நுணுக்கமா என்று முதலில் சிரிப்பு வந்தது. ஆறரை மணிக்கு எல்லோரும் வெள்ளைச் சட்டையில் ஏரியைப் பார்த்து உட்கார்ந்து பாடத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஒட்டுநாடா, கம்பி, கிழித்த காகிதம் எல்லாம் இருந்தால்தான் அந்த ஒரு மணி நேரத்தில் எவர் கையிலும் வேலை இருக்காது. பாட்டின் கடைசி அடிக்கு எல்லோரும் எழுந்து, பின்பக்கம் திரும்பி, வருகிற நாளை மணப்பெண்ணாக எண்ணித் தலை வணங்கினார்கள். செவ்வாயன்று வயிற்றில் பெரிய வட்டம் போட்ட பையன் நண்பன் தோளில் கைபோட்டுக்கொண்டு தப்பான பக்கம் வணங்கிக்கொண்டிருந்தான்.

சபாத் பகல் தூக்கம்தான். எனக்குப் பசியே எடுக்காத அளவுக்குச் சாப்பாடு. கோழியைத் தவிர்த்துவிட்டு, உருளைக்கிழங்குத் துருவலை மொறுமொறுப்பாகச் சுட்ட கூகல் என்ற பலகாரத்தில் என் பங்கையும் பக்கத்துத் தட்டின் பங்கையும் முடித்தேன்.

சற்றுமுன் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் ஹவ்தாலா, சபாத்தை வழியனுப்பும் சடங்கு. பல திரிகளைப் பின்னிச் செய்த மெழுகுவத்தி, லவங்கமும் பட்டையும் போட்ட சிறு பெட்டி, கிண்ணத்தில் திராட்சைச் சாறு. பெட்டி கைமாறி வந்தது, முகர்ந்து அடுத்தவரிடம் கொடுத்தேன். பாடிய மெட்டு தெபி ஃபிரீட்மனுடையது என்று மருத்துவர் காதில் சொன்னார். 1970களில் ஓகோனோமோவாக் முகாமில் கிட்டாரோடு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர், 2011இல் காலமானார். முகாமில் பிறந்த பாட்டு தொழுகைக்கூடத்துக்குள் நுழைய அவர் பெரிய காரணம். பாடகர்களைப் பயிற்றுவிக்கும் சீர்திருத்தப் பிரிவின் இசைப்பள்ளிக்கே இப்போது அவர் பெயர். கூடத்திலிருந்து முகாமுக்கு வரவேண்டியது எதிர்த்திசையில் போயிருக்கிறது.

ஞாயிறு

காலை ஆறு மணிக்குத் தீயணைப்பு வண்டியின் சங்கு. அவசரப் பையைத் தூக்கிக்கொண்டு செருப்புகூட மாட்டாமல் ஓடினேன். வண்டி மைதானத்தில் நிற்கிறது, மேலே முகத்தில் நீலமும் சிவப்பும் பூசிய பொறுப்பாளர்கள் கொடியாட்டுகிறார்கள், பிள்ளைகள் பைஜாமாவோடு கத்திக்கொண்டு ஓடிவருகிறார்கள். மக்கபியா தொடங்கிவிட்டதாம். முகாமை அணிகளாகப் பிரித்து ஓட்டம், கயிறு இழுத்தல், பாட்டு, ஹீப்ரு வினாடி வினா என்று நடத்தும் போட்டி. எப்போது தொடங்கும் என்பது ரகசியம். வாரம் முழுக்க ஒவ்வொரு குடிலும் இதைத்தான் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளூர்த் தீயணைப்புத் தொண்டர்கள் வரை உடந்தை. மருத்துவக் குடிலுக்கு மட்டும் சொல்லவில்லை. மருத்துவருக்குத் தெரிந்திருக்கிறது, திண்ணையில் காப்பியோடு உட்கார்ந்து என் ஓட்டத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குள் சுளுக்கிய கணுக்கால் இரண்டு, சிராய்த்த முழங்கால் ஏழெட்டு. அடுத்த வாரத்துக்கான செவிலியர் ஓஹையோவிலிருந்து வந்து சேர்ந்தார், இங்கே பல கோடைகள் பார்த்தவர். மருந்துப் பெட்டிச் சாவி, விரதத்தில் மயங்கிய பெண்ணின் குறிப்பு, பசைநாடாவில் ஒட்டிய உண்ணிகள் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். அவர் அலமாரியைத் திறந்து பார்த்த முதல் பொருள் தொண்டை மாத்திரை. நான்கு பெட்டி இருந்தது. மக்கபியாவுக்கு இது நாளை மதியம் வரைகூட வராது என்றார். போகும் வழியில் ஹோன்ஸ்டேல் கடையில் இருந்த அத்தனையையும் வாங்கி, முகாமுக்கு ரொட்டி ஏற்றிப்போகும் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன்.